ரெண்டு பெட்டிக்கு ஒரு வண்டி

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, சாம்பிள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஃப்ளோரா வாசலுக்கு வந்தாள். தகரக் கொட்டகைக்குக் கீழே அவளுடைய வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் ஞானதாஸின் பெரிய வண்டி மட்டும் நின்றது. அதன் இரண்டு பக்கமும், முந்தாநாள் வரை இல்லாத இரண்டு அலுமினியப் பெட்டிகள் வெயிலில் பளபளத்தன.

முதலில் திருட்டு என்றுதான் நினைத்தாள். "ஏங்க! வண்டியக் காணோம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஞானதாஸ் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தான். அவன் பதறவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"கத்தாத. ஜெரின் வந்து எடுத்துட்டுப் போனான்."

"எந்த ஜெரினு?"

"எங்க ரைடு குரூப்புல இருக்கானே, தொழுதூர்ல ஷெட்டு வெச்சிருக்கான். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டின்னா அவனுக்கு உசுரு. நேத்து நீ பஸ்ஸுல ஸ்ரீமுஷ்ணம் போயிட்டு ராத்திரி திரும்பறதுக்குள்ள வந்துட்டுப் போனான்."

"வந்து?"

"குடுத்துட்டேன். அதுக்குப் பதிலாதான் இந்த ரெண்டு பொட்டியும் மாட்டி வுட்டான். ஒரிஜினல் அலுமினியம். தண்ணி எறங்காது."

ஃப்ளோரா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே பீங்கான் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் வைக்கோல் சுற்றி இருந்ததால் மெதுவாகத்தான் வைத்தாள்.

"அது என் வண்டி."

"வூட்டு வண்டிதானே."

"ஆர்.சி. புக்கு யாரு பேருல இருக்குது?"

"அதச் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஃபாரம் குடுத்துட்டுப் போயிருக்கான். நீ ரெண்டு எடத்துல கையெழுத்துப் போடணும். டிவி மேல இருக்குது பாரு" என்றான். வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனான்.

அந்த வண்டி எப்படி வந்தது என்பது ஞானதாஸுக்குத் தெரியாததல்ல. அவன் தோஹாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒன்பது வருஷத்தில், ஃப்ளோரா விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஷபியுல்லா பாயின் பீங்கான் யூனிட்டில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். பேச்சும் கணக்கும் தெளிவாக இருந்ததால் இரண்டே வருஷத்தில் பாய் அவளை ஆர்டர் எடுக்க அனுப்பினார். வேப்பூர், அதற்குப் பக்கத்து மங்களூர், தொழுதூர், பெரம்பலூர் என்று வரிசையாக எலக்ட்ரிகல் கடைகள். பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு மூன்று கடைதான் பார்க்க முடியும். அப்போதுதான் ரிட்டயர் ஆன லைன்மேன் சாமிதுரையிடமிருந்து அந்த நூறு சிசி வண்டியைத் தன் சம்பளத்தில் வாங்கினாள். தொண்ணூற்றெட்டு மாடல். சர்ச் மைதானத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்து எழுந்து பழகினாள். நெட்டச்சி என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்யப்பட்ட உயரம் அப்போதுதான் உதவியது. ஆறு வருஷத்தில் இரண்டு முறை இன்ஜினைப் பிரித்துச் சரி செய்திருக்கிறாள். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொன்னபோது, நாலு நாள் அலைந்து பேப்பரைப் புதுப்பித்தவளும் அவள்தான்.

ஞானதாஸ் போன வருஷம் ஒரேயடியாக ஊர் திரும்பினான். நெய்வேலியில் ஷிப்ட் வேலை கிடைத்தது. கிடைத்த கையோடு அந்தப் பெரிய வண்டியை வாங்கினான். அறுநூற்றைம்பது சிசி, இருநூற்றிருபது கிலோ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பான். ஏற்காடு, கொல்லிமலை என்று குரூப்போடு போவான். மற்ற ஆறு நாளும் அது தார்ப்பாய்க்குள் தூங்கும். அவன் கம்பெனி வேனில் வேலைக்குப் போவான்.

வாங்கிய நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. சோறு போடும்போதும் அதுதான், துணி காயப்போடும்போதும் அதுதான். "ஒன் வண்டிய ஹைவேஸ்ல ஓட்டுறது தற்கொல. டிரம் பிரேக்கு. நீ அம்பதுல போற, பின்னால பஸ்ஸு நூறுல வருது. லாரி தாண்டுனா காத்துலயே ஆடுது. என் வண்டிய பாரு, மலையாட்டம் நிக்கும்."

அவள் மறுத்ததில்லை. திருச்சி கல்யாணத்துக்கு அவன் பின்னால் உட்கார்ந்து போனபோது, இடுப்பு வலிக்காமல் இறங்கியது அவளுக்கே ஆச்சரியம்தான். ஆனால் திரும்பும்போது வேப்பூரில் டீக்கடை ஓரம் ஜல்லியில் அவன் காலை ஊன்றினான், வண்டி சரிந்தது. பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். தூக்குவதற்கு நாலு ஆள் வந்தார்கள். அத்தனை பேர் எதிரிலும் ஞானதாஸ், "நீ அசைஞ்ச, அதான் சாஞ்சுது" என்றான். அவள் அசையவில்லை. அன்றைக்கு அதை விழுங்கிக்கொண்டாள்.

இன்றைக்கு விழுங்க முடியவில்லை. குழாயடிக்கே போனாள்.

"ஃபோன் போடுங்க. வண்டியக் கொண்டாந்து வுடச் சொல்லுங்க."

"குடுத்தத எப்பிடிடி திருப்பிக் கேக்குறது? குரூப்புல என் மானம் என்னாவறது?"

"இன்னைக்கு எனக்கு வேப்பூர் லைனு. எதுல போறது?"

"பஸ்ஸுல போ. பாய்கிட்ட சொல்லி உள் வேல கேட்டு வாங்கிக்க. ஒன் நல்லதுக்குத்தான் பண்ணேன், புரிஞ்சிக்க. சாயங்காலம் பேசலாம்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

சாத்திய கதவின் முன்னால் ஃப்ளோரா கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு சீட்டியடிக்கும் சத்தமும் கேட்டது. அவன் சீட்டியடிக்காமல் இருந்திருந்தால் அவள் பஸ் ஸ்டாண்டுக்கே போயிருப்பாள்.

கூடத்துக்குப் போய் ஆணியில் தொங்கிய பெரிய வண்டிச் சாவியை எடுத்தாள். பீரோவிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். தன் ஹெல்மெட்டை மாட்டினாள். சாம்பிள் பெட்டியை அந்த அலுமினியப் பெட்டி ஒன்றுக்குள் இறக்கிப் பூட்டினாள். ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் இன்ஜின் உறுமியது. குளியலறைக் கதவு படாரென்று திறந்தது.

"ஏய் ஃப்ளோரா! எறங்குடி! அது ஒன்னால முடியாது!" தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு அவன் வாசல்படியில் நின்றான். அதற்கு மேல் தெருவுக்கு வர முடியவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியை நகர்த்தினாள்.

தெருமுனையில் திரும்புவதற்குள் அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது. கைப்பிடி முழுசாகத் திரும்ப மறுத்தது. பின்னால் தள்ளலாம் என்றால் சுவரைத் தள்ளுவது போல் இருந்தது. அவளுடைய வண்டியில் நாலு கியரும் முன்னால் மிதிப்பது. இதில் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே. விருத்தாசலம் பாலக்கரை நெரிசலில் இரண்டு முறை இன்ஜின் நின்றது. பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர், "யக்கா, வூட்டுக்காரர் வண்டியா?" என்றார். இன்ஜின் சூடு கெண்டைக்காலைச் சுட்டது. கிளட்ச் பிடித்த கை மரத்தது. தன் வண்டி என்றால் இந்த நெரிசலில் பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து இந்நேரம் ஊரைத் தாண்டியிருப்பாள்.

சேலம் ரோட்டில் வீடுகள் குறைந்து ரோடு விரிந்ததும் எல்லாம் மாறியது. ஐந்தாவது கியருக்குப் போனதும் அந்த எருமைக் கனம் எங்கே போனது என்றே தெரியவில்லை. முள்ளு எழுபதைக் காட்டியது; அவளுக்கு நாற்பதில் போவது போல் இருந்தது. தன் வண்டியில் லாரி ஒன்று எதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் குனித்து, காற்று அடிக்கிற பக்கமாகச் சாய்ந்து காத்திருப்பாள். இங்கே கரும்பு லாரி ஒன்று கடந்து போனது. துப்பட்டா மட்டும் படபடத்தது. கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸின் நம்பர்கூடத் தெரிந்தது. அவள் வண்டியின் கண்ணாடியில் அம்பதைத் தாண்டினால் எல்லாமே நடுக்கம்தான், பஸ்ஸா மாடா என்று தெரியாது.

சுகமாக இருந்தது. சுகமாக இருக்க இருக்க ஆத்திரம் ஏறியது. ஆறு வருஷமாக வாரத்துக்கு நாலு நாள் அந்த ரோட்டில் முதுகெலும்பை உடைத்துக்கொண்டு போகிறவள் அவள். இது வருஷத்துக்கு அம்பது நாள்கூட ஓடாமல் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

வேப்பூர் கூட்ரோட்டில் அவள் பார்க்க வேண்டிய கடைகள் இரண்டு இருந்தன. சர்வீஸ் ரோடு சரிந்து, ஜல்லி கிடந்தது. அங்கே காலை ஊன்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை. நிற்காமல் திருச்சி ஹைவேயில் ஏறினாள்.

ஆவட்டிக்கு முன்னால்தான் அது நடந்தது. முன்னால் போன சிமெண்டு லாரி திடீரென்று பிரேக் போட்டது. ரோட்டின் இடது பாதியில் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டு, ஓரத்தில் கல் வரிசை வைத்திருந்தார்கள். லாரியின் பின்பலகை அவள் முகத்தை நோக்கி வந்தது. இரண்டு பிரேக்கையும் இருந்த பலத்தோடு அழுத்தினாள். காலடியில் வண்டி கடகடவென்று அதிர்ந்தது. ஆனால் வழுக்கவில்லை, சாயவில்லை. பலகைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

லாரி போய்விட்டது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். தன் வண்டியாக இருந்தால் இந்நேரம் அந்தப் பலகைக்குக் கீழே கிடந்திருப்பாள். அதில் சந்தேகமே இல்லை. ஞானதாஸ் சொன்னது உண்மைதான். அது உண்மையாக இருந்ததுதான் எல்லாவற்றையும்விட அவளுக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கு வாய் இருந்தவனுக்கு, கேட்டுவிட்டு எடுப்பதற்கு வாய் இல்லாமல் போய்விட்டதே.

சோளத்தைத் தாண்டும்போது சக்கரம் உருண்டு வழுக்கியது. அவள் இரண்டு காலாலும் தரையை உதைத்து உதைத்து நகர்ந்தாள். சோளம் கிளறிக்கொண்டிருந்த பெண், "ஏம்மா, இம்மாம் பெரிய வண்டியத் தூக்கிக்கினு எதுக்கு ஓரத்துல வர்ற?" என்று கத்திக்கொண்டே வந்து, வண்டி சரியாமல் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

தொழுதூரில் ஜெரினின் ஷெட்டைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. முப்பது வயசு, தாடி, கையெல்லாம் கிரீஸ். பெரிய வண்டியைப் பார்த்து "வாங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், ஹெல்மெட்டுக்குள் வேறு முகம் இருந்ததைக் கண்டு நின்றான்.

அவளுடைய வண்டி உள்ளே ஸ்டாண்டில் நின்றது. டேங்க் இல்லை. சீட் இல்லை. சாம்பிள் பெட்டி கட்டுவதற்கென்று தொழிற்பேட்டை வெல்டரிடம் அளவு சொல்லிச் செய்த கேரியர், இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. அறுத்த இடம் புதுசாக மின்னியது.

"யாரக் கேட்டு அறுத்த?"

"அண்ணி... அண்ணன்தான்..."

"அண்ணன் பேருலயா இருக்குது வண்டி?" ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அவன் ஒர்க்பெஞ்சில் வைத்தாள். "படி. சத்தமாப் படி."

ஜெரின் படிக்கவில்லை. தலையைச் சொறிந்தான். "சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. நீங்களே சரின்னுட்டதாச் சொன்னாரு. ஒங்களுக்கு இனிமே ஓட்டப் புடிக்கல, ஹைவேஸுன்னாலே பயப்படுறீங்க, எப்படியாவது தள்ளிவுடுங்கன்னு அழுதீங்கன்னு சொன்னாரு."

"அழுதேன்னா?"

"அப்பிடித்தான் சொன்னாரு."

ஃப்ளோராவுக்குக் காது அடைத்தது. வண்டியைக் கொடுத்ததுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர் பேர் தெரியாத ஒருத்தனிடம் அவள் அழுததாகச் சொல்லியிருக்கிறான். சுவரில் தொங்கிய ஸ்பேனரை எடுத்து ஜெரின் கையில் வைத்தாள். "மாட்டு. எல்லாத்தையும் மாட்டு. கேரியர வெல்டு வெய்யி. அந்த ரெண்டு பொட்டியும் கழட்டி நீயே வெச்சிக்க."

ஜெரின் வேலையை ஆரம்பித்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவன் பிரேக் கட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். தேய்ந்து இரும்பு தெரிந்தது.

"இத வெச்சிக்கிட்டா ஹைவேஸ்ல வந்தீங்க?"

"பாடம் எடுக்காத. புதுசு இருக்குதா?"

"இருக்குது. ஆனா உள்ளதச் சொல்லிடறேன் அண்ணி. புதுசு போட்டாலும் அம்பதுக்கு மேல இத நம்பாதீங்க. ஊருக்குள்ள, கிராமத்து ரோட்டுல இதாட்டம் வண்டி கெடையாது. எங்க நின்னாலும் ஒரு ஒதையில கெளம்பும். எந்த மெக்கானிக்கும் பாப்பான். ஆனா நாலு வழிச் சாலையில எல்லாரும் நூறுல போறப்ப, நீங்க மெதுவாப் போறதே ஆபத்து."

அவள் கேட்டுக்கொண்டாள். ஞானதாஸ் முதலிலேயே அவளிடம் கேட்டிருந்தால் அவளே இதைச் சொல்லியிருப்பாள்.

ஃபோனில் ஞானதாஸின் பதினேழு மிஸ்டு கால் இருந்தது. "தொழுதூர்ல இருக்கேன். பஸ்ஸப் புடிச்சி வந்து ஒங்க வண்டிய எடுத்துக்கங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இரண்டு மணிக்கு ஞானதாஸ் வந்து சேர்ந்தான். ஷிப்டுக்குப் போகவில்லை. விருத்தாசலத்தில் ஒரு பஸ், வேப்பூரில் ஒரு பஸ், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷெட்டுக்குள் நுழைந்தவன் நேராகப் பெரிய வண்டிக்குப் போனான். ஒரு பக்கம் குனிந்து பார்த்தான். சுற்றி வந்து மறுபக்கமும் குனிந்து பார்த்தான். டேங்கைத் தடவினான். அதற்கப்புறம்தான் அவள் பக்கம் திரும்பினான்.

"எங்கயாச்சும் இடிச்சியா?"

"எனக்கு அடிபட்டுச்சான்னு கேக்கத் தோணல, இல்ல?"

"நல்லாத்தானே நிக்கிற."

"நான் அழுதனா?"

"என்னா?"

"இவங்கிட்ட சொல்லியிருக்கீங்களே. ஹைவேஸுன்னா பயம், அழுதேன்னு. எப்ப அழுதேன்? தேதி சொல்லுங்க."

ஞானதாஸ் ஜெரினைப் பார்த்தான். ஜெரின் குனிந்து நட்டு முடுக்கினான்.

"அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வுடு, வூட்டுல பேசிக்கலாம்."

"வூட்டுல பேசற விஷயத்த ஊருல சொன்னது நீங்க. இங்கயே பேசலாம்."

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னாடி பேசணும்? நாலு வருசத்துக்கு முன்னால இதே ரோட்டுல, ஆவட்டியில வுழுந்து கை ஒடைஞ்சி கெடந்தியே, நான் எங்க இருந்தேன்? தோஹாவுல. லீவு தரல. ராத்திரி பூரா ஃபோன கையில வெச்சிக்கினு கெடந்தேன். இப்ப நீ அந்த வண்டிய எடுத்துக்கினு போற ஒவ்வொரு நாளும் அதே மாதிரிதான் கெடக்கேன். அது தெரியுமா ஒனக்கு?"

இதை அவன் அதுவரை சொன்னதில்லை. ஃப்ளோரா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு கேட்டாள், நிதானமாகவே கேட்டாள்:

"சரி. நெசமாவே என் உசுரு பத்திக் கவலன்னா, வாரத்துல நாலு நாளு ஹைவேஸ்ல போறது யாரு?"

"நீ."

"மலையாட்டம் நிக்கிற வண்டி யாருகிட்ட இருக்குது?"

அவன் பார்வை பெரிய வண்டிப் பக்கம் போனது. அவள் விடவில்லை.

"இந்தா, நீ இத எடுத்துக்கினு போ, நான் ஞாயித்துக்கெழம சின்ன வண்டியில சுத்திக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் தோணல? சாவி ஒரே ஆணியிலதானே தொங்குது? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'ஓட்டிப் பாக்குறியா'ன்னு கேட்டீங்களா? என் வண்டிய வித்து ஒங்க வண்டிக்கு நகை மாட்டுறீங்க. கேட்டா எனக்காகங்கறீங்க."

அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

மூன்று மணிக்கு வண்டி தயாரானது. வெல்டு வைத்த இடம் கறுத்துத் திருகலாக இருந்தது. சாம்பிள் பெட்டியைக் கட்டினாள். முதல் உதையிலேயே வண்டி நீலப் புகை விட்டுக் கிளம்பியது. ஞானதாஸ் பெட்டி கழற்றிய பெரிய வண்டியில் ஏறி, அவளைத் தாண்டி, ஒரே சீறலில் கண்ணை விட்டு மறைந்தான்.

அவள் நாற்பத்தைந்தில், ரோட்டோரக் கோட்டை ஒட்டியே வந்தாள். ஒவ்வொரு லாரிக்கும் மூச்சைப் பிடித்தாள். இந்தத் தடவை அந்தப் பயம் புதுசாகத் தெரிந்தது. இத்தனை நாள் அது பயம் என்றே தெரியாமல் பழகியிருந்தது. வேப்பூரில் ஜல்லியில் அலட்சியமாக இறங்கி, காலையில் விட்ட இரண்டு கடையிலும் ஆர்டர் எடுத்துக்கொண்டு, பொழுது சாய வீடு சேர்ந்தாள்.

மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சோறு மூடி வைத்திருக்கும். அவன் போட்டுச் சாப்பிடுவான். வியாழக்கிழமை அவளுக்குப் பெரம்பலூர் லைன். முழுக்க ஹைவே. காலையில் அவள் பெரிய வண்டியின் தார்ப்பாயை உருவி மடித்தாள். பின் சீட்டில் சாம்பிள் பெட்டியை வைத்து ரப்பர் கயிற்றால் இறுக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை.

ஞானதாஸ் வாசலில் நின்று பார்த்தான். கம்பெனி வேன் அன்றைக்கு வராது என்று முந்தின நாளே ஃபோனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு முறை கனைத்தான்.

"நான் நெய்வேலிக்கு எதுல போறது?"

"பஸ்ஸு இருக்குது."

"ஷிப்டுக்கு நேரமாச்சி." கொஞ்சம் பொறுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒன் வண்டிய எடுத்துக்கட்டுமா?" என்றான்.

ஃப்ளோரா ஹெல்மெட்டின் வாரை மெதுவாக மாட்டினாள். அவனை அந்தக் கேள்வியோடு நிற்க வைத்து, கையுறையையும் ஒவ்வொரு விரலாக மாட்டினாள்.

"எடுத்துக்கங்க. ஆறு மணிக்குள்ள திரும்ப வந்துடணும். யாருக்கும் குடுக்கக் கூடாது."

அவன் தலையாட்டினான். அவள் கிளட்ச்சைப் பிடித்து, காலால் உந்தி வண்டியைத் திருப்பினாள். தெருமுனையில் இந்தத் தடவை ஒரே திருப்பில் திரும்பியது. பின்னால் அவன் கிக்கரை உதைக்கும் சத்தம் கேட்டது. ஒரு உதை, இரண்டு உதை, ஏழு உதை. சோக்கை இழுக்கவில்லை போலிருக்கிறது. அவள் சொல்லிக்கொடுக்கத் திரும்பவில்லை.

வேப்பூர் தாண்டும்வரை அவளுக்குக் கோபம் இருந்தது. அதற்கப்புறம் வண்டிகள் அதிகமாகிவிட்டன. ரோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.